வேலைக்குச் சைக்கிளில் போய்வர: ஒரு வழிகாட்டி

வேலைக்குச் சைக்கிளில் போய்வர ஆசைப்பட்டுத் தொடங்கிச் சில வாரங்களுக்குள் விட்டுவிட்ட பலரை நான் அறிவேன். அவர்களில் கால்வலி தாங்காமல் விட்டவர்கள் மிகக் குறைவு. ஒருநாள் வியர்வையில் நனைந்த சட்டையோடு கூட்டத்தில் உட்கார நேர்ந்தது, இன்னொரு நாள் டயரில் காற்றில்லாமல் தாமதமானது, வேறொரு நாள் விளக்கில்லாத வண்டியோடு திரும்பும்போது இருட்டிவிட்டது என்று சிறுசிறு சங்கடங்கள் சேர்ந்துதான் அவர்களை மறுபடியும் பேருந்துக்கோ மோட்டார் வண்டிக்கோ அனுப்பிவைத்தன. இவை ஒவ்வொன்றையும் முன்கூட்டியே தவிர்த்துவிட முடியும். பல ஆண்டுகளாகச் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் நான் முதலில் கேட்டுக்கொள்வது, இந்தப் பயணத்தை உடற்பயிற்சியாக எண்ணாமல் போக்குவரத்தாக எண்ணுங்கள் என்பதுதான். உடற்பயிற்சி என்று நினைத்தால் வேகமும் தூரமும் பெரிதாகத் தெரியும். போக்குவரத்து என்று நினைத்தால், குறித்த நேரத்தில், நல்ல உடையில், களைப்பில்லாமல் போய்ச் சேர்வது பெரிதாகத் தெரியும். உடலுக்குக் கிடைக்க வேண்டிய நன்மை அதனால் குறைந்துவிடாது.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். சிக்னலில் நிற்பதையும் நெரிசலில் ஊர்வதையும் சேர்த்துப் பார்த்தால், சாதாரண சைக்கிளில் நிதானமாகப் போகிறவர் மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கடக்கலாம்; அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடம். பணியிடம் 7 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் 28 நிமிடம் ஆகும். வண்டியை நிறுத்திப் பூட்டி உள்ளே போக இன்னும் 5 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். ஒருவழித் தூரம் 8 கிலோமீட்டருக்குள் இருந்தால் நல்ல உடல்நிலையில் உள்ள பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பழகிவிடும் என்பது என் அனுபவம். அதற்கு மேற்பட்ட தூரமானால் வாரத்துக்கு இரண்டு நாள் என்று தொடங்குவது நல்லது. முதல் வாரமே ஐந்து நாளும் போயாக வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொள்கிறவர்கள், ஒருநாள் தவறினாலும் மனம் தளர்ந்து முழுவதுமாக விட்டுவிடுகிறார்கள்.

மோட்டார் வண்டியில் நீங்கள் வழக்கமாகப் போகும் வழியே சைக்கிளுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெரிய சாலைக்கு இணையாக ஓடும் உட்தெருக்கள், கால்வாய்க்கரைப் பாதைகள், குடியிருப்புகளுக்கு நடுவே செல்லும் சாலைகள் எனப் பல வழிகள் இதுவரை உங்கள் கண்ணில் படாமலே இருந்திருக்கும். ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் கூடுவது 4 நிமிடந்தான். அந்த நான்கு நிமிடத்தைக் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் இரைச்சலோடு நெருங்கும் லாரிகளிலிருந்து விடுபட முடியும் என்றால் நான் யோசிக்காமல் கொடுப்பேன். தேர்ந்த வழியை விடுமுறை நாளில் ஒருமுறை அவசரமில்லாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, வேலைநாளில் நீங்கள் உண்மையில் புறப்படும் அதே நேரத்தில் இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். விடுமுறையில் ஆளரவமற்றுக் கிடந்த தெரு, பள்ளி தொடங்கும் வேளையில் அடைத்துக்கொண்டு நிற்பதை அப்போதுதான் அறிய முடியும். பேருந்துகள் எங்கே ஓரங்கட்டுகின்றன, லாரிகள் எந்த முனையில் திரும்புகின்றன, மழை பெய்தால் எங்கே தண்ணீர் தேங்கும், எந்த இடத்தில் கார்கள் வரிசையாக நிற்கின்றன என்பவற்றை மனத்தில் குறித்துக்கொண்டால், நாளடைவில் அந்தச் சாலையில் அடுத்து என்ன நேரும் என்பது முன்கூட்டியே தெரியத் தொடங்கும்.

காலைக்கு உகந்த வழி மாலைக்கு உகந்ததாக இல்லாமலும் போகலாம். சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில் அதை எதிர்கொண்டு நீங்கள் போகிறீர்கள் என்றால், உங்களுக்குப் பின்னால் வரும் ஓட்டுநரின் கண்ணிலும் அதே வெயில்தான் அடிக்கிறது; நீங்கள் இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகக்கூடும். மாறாக, உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீண்டு விழுந்தால், எதிரே வந்து குறுக்கே திரும்பப் போகிறவரின் கண் கூசிக்கொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஆண்டில் சில மாதங்களுக்கு மாலை வழியை மாற்றிக்கொள்கிறேன்.

வண்டி

இதற்கென்று விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. உங்கள் உயரத்துக்குப் பொருந்திய, பிரேக் நன்றாகப் பிடிக்கிற, மட்கார்டும் கேரியரும் பொருத்திய வண்டி போதும். மட்கார்டு இல்லாத பந்தய வகைச் சைக்கிள் பார்க்க அழகாக இருந்தாலும், முதல் மழையிலேயே முதுகு நெடுகச் சேற்றுக் கோடு போட்டுவிடும். இருக்கையின் உயரத்தைச் சரிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் அமர்ந்து, கீழே இறங்கி நிற்கும் பெடலின் மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் முழுதும் நீண்டால் உயரம் சரி. பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்து மிதிக்கும்போது முழங்கால் தேவையான அளவு மடங்கியிருக்கும். இருக்கையைத் தாழ வைத்து ஓட்டுகிறவர்களுக்கு முன்முழங்காலில் வலி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நிற்கும்போது இரு காலும் தரையில் பதிய வேண்டும் என்ற அச்சத்தில்தான் பலரும் தாழ வைக்கிறார்கள். நிற்க வேண்டிய நேரத்தில் இருக்கையிலிருந்து முன்னால் இறங்கிக்கொள்ளப் பழகினால் அந்த அச்சம் போய்விடும்.

டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பஞ்சர் இல்லாவிட்டாலும் டியூபின் ரப்பர் வழியே காற்று மெல்லக் கசிந்துகொண்டே இருப்பதால், வாரம் ஒருமுறை அடிக்க வேண்டியது கட்டாயம். காற்றுக் குறைந்த டயர் பள்ளத்தில் இடிக்கும்போது டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். காற்றுக் குறைவதால் மிதிக்கும் உழைப்பும் கூடுகிறது. வண்டி ஏனோ கனக்கிறது என்று தோன்றும் நாளில் முதலில் டயரை அமுக்கிப் பாருங்கள்.

செயினுக்கு எண்ணெய் விடுவதில் பலரும் செய்யும் தவறு, நிறைய விட்டுவிட்டு அப்படியே ஓட்டுவது. எண்ணெய் வேலை செய்ய வேண்டிய இடம் கண்ணிகளுக்கு உள்ளே இருக்கும் உருளைகள். வெளியில் வழிவது தூசியைப் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி வைத்து, பெடலைப் பின்னோக்கிச் சில சுற்றுகள் சுற்றிவிட்டு, சற்று நேரம் கழித்து உலர்ந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துவிட வேண்டும். செயின் தேய்ந்திருக்கிறதா என்பதை ஒரு அளவுகோலைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். புதுச் செயினில் ஒரு ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவுக்கு 12.7 மில்லிமீட்டர் இருக்கும். அப்படி 24 இடைவெளிகளை அளந்தால் 304.8 மில்லிமீட்டர் வரும். கியர் வண்டியில் அது 306 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் செயினை மாற்றிவிடுவதே சிக்கனம். விட்டுவைத்தால் அது பற்சக்கரங்களையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

வேகமும் வியர்வையும்

என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி வியர்வை பற்றியதுதான். குளிக்க வசதியுள்ள பணியிடம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சமதளத்தில் ஓரளவு வேகமெடுத்த பிறகு சைக்கிள் ஓட்டுகிறவரின் உழைப்பில் பெரும்பங்கைக் காற்றின் எதிர்ப்பு விழுங்குகிறது. அதைத் தள்ளிச் செல்வதற்கான திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 16 கிலோமீட்டராக வேகத்தைக் குறைத்தால், காற்றைத் தள்ள ஒவ்வொரு நொடியும் நீங்கள் செலவிடும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். 10 கிலோமீட்டர் பயணத்தில் இதற்கு ஈடாக நீங்கள் இழப்பது ஏழரை நிமிடம். வீட்டிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுவதைவிடச் சிறந்த வியர்வைத் தடுப்பு வேறில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். கியர் உள்ள வண்டியானால், அழுத்தி மிதிக்கும் கனத்த கியரைத் தவிர்த்து, நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று வரை இலகுவாகச் சுழலும் கியரில் போக வேண்டும். சிக்னலில் நிற்பதற்கு முன்பே இலகுவான கியருக்கு மாற்றிவிட்டால், கிளம்பும்போது முழங்காலுக்குச் சுமை ஏறாது. எதிர்காற்று வீசும் நாளில் வழக்கமான வேகத்தை எட்டப் போராடாமல், வழக்கமான உழைப்பை மட்டும் கொடுத்து, வேகம் குறைவதைக் குறையவிடுங்கள்.

ஓட்டும்போது சட்டை உலர்ந்திருந்ததே, இறங்கி நின்றதும் ஏன் இப்படி ஊற்றெடுக்கிறது என்று பலர் திகைப்பார்கள். ஓடும் வண்டியில் முகத்திலும் உடலிலும் மோதும் காற்று, வியர்வையை உடனுக்குடன் ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கிறது. இறங்கியதும் அந்தக் காற்று நின்றுவிடுகிறது, ஆனால் தசைகளில் உண்டான வெப்பம் இன்னும் சில நிமிடங்கள் தோலுக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே கடைசி ஒரு கிலோமீட்டரை மிக மெதுவாக ஓட்டுங்கள். வந்து சேர்ந்ததும் உடனே சட்டையை மாற்றாமல், நிழலில் ஐந்து முதல் பத்து நிமிடம் நின்று, தண்ணீர் குடித்து, முகத்தையும் கைகளையும் கழுவி, ஈரத்துண்டால் கழுத்தையும் மார்பையும் முதுகையும் துடைத்துக்கொண்ட பிறகு மாற்றுங்கள். வந்த வேகத்தில் மாற்றிய சட்டை, பத்தே நிமிடத்தில் இரண்டாவது நனைந்த சட்டையாகிவிடும். புதிதாக அரும்பிய வியர்வைக்கு நாற்றம் ஏறக்குறைய இல்லை. தோலில் உள்ள நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. காலையில் குளித்துவிட்டுத் துவைத்த உள்ளாடையோடு புறப்படுகிறவருக்கு, இந்தத் துடைப்பே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது.

முதுகில் மாட்டும் பை, காற்றுப் படவேண்டிய முதுகுப் பரப்பு முழுவதையும் மூடிவிடுகிறது. பையைக் கேரியரின் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டால் முதுகும் உலர்ந்திருக்கும், எடையும் தாழ்ந்து வண்டி நிலையாக ஓடும். காலணி, பெல்ட், ஒரு கால்சட்டை ஆகியவற்றை வாரத்தின் முதல் நாளே பணியிடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அன்றாடம் சுமப்பது ஒரு சட்டையும் உணவும் மட்டுமே. சட்டையை மடித்துத் திணிப்பதைவிடத் தளர்வாகச் சுருட்டி வைத்தால் மடிப்புக்கோடு விழாது. செயின் பக்கத்துக் கால்சட்டை விளிம்பை ஒரு பட்டையால் கட்டிக்கொள்ள மறக்க வேண்டாம். செயின் கறை துவைத்தாலும் எளிதில் போகாது.

சாலையில்

சாலையில் பாதுகாப்புக்கு அடிப்படை, அடுத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்திருப்பதுதான். விளிம்பை ஒட்டி ஒளிந்து ஓட்டுவது பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் மணலும் கண்ணாடித் துண்டும் வடிகால் மூடிகளும் அங்கேதான் சேர்ந்து கிடக்கின்றன, அவற்றைத் தவிர்க்க நீங்கள் திடீரென்று வளையும்போது பின்னால் வருபவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். விளிம்பிலிருந்து முக்கால் மீட்டருக்குக் குறையாமல் விலகி, நேர்கோட்டில் ஓட்டுங்கள். நிறுத்தி வைக்கப்பட்ட கார்களின் வரிசையைக் கடக்கும்போது அந்த இடைவெளியை ஒன்றேகால் மீட்டராவது ஆக்க வேண்டும், ஏனெனில் எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பது வெளியிலிருந்து தெரியாது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர் கடந்துவிடுகிறோம். கதவைக் கண்டு கை பிரேக்கை எட்டுவதற்குள்ளாகவே ஒரு காரின் நீளத்தைத் தாண்டியிருப்போம்.

பேருந்து, லாரி ஆகியவற்றின் பக்கவாட்டில், ஓட்டுநரின் கண்ணாடியில் படாத பகுதிகள் உண்டு. அவை திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் உட்புறமாக ஒடுங்கி வரும். சந்திப்பு அருகில் பெரிய வண்டிக்கும் சாலை விளிம்புக்கும் இடையே எவ்வளவு இடம் இருந்தாலும், எவ்வளவு தாமதமானாலும், அதில் நுழையவே கூடாது. அதன் பின்னால் நில்லுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். எதிர்த்திசையில் ஓட்டுவதும் இதற்கு அடுத்த ஆபத்து. இரண்டு வண்டிகளின் வேகமும் கூடி மோதும் என்பது ஒருபுறம் இருக்க, குறுக்குத் தெருவிலிருந்து வெளிவருகிறவர் அந்தத் திசையைப் பார்ப்பதே இல்லை.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் முன்பிரேக்தான் வண்டியை நிறுத்துகிறது. பின்பிரேக்கை மட்டும் அழுத்தினால் பின்சக்கரம் எளிதில் சறுக்கிவிடும். இரண்டையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்தும் பழக்கத்தை, வண்டிகள் இல்லாத இடத்தில் ஓட்டிப் பார்த்துக் கைக்குக் கொண்டுவர வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்குகள் மழையில் முதலில் ரிம்மின் மேலுள்ள தண்ணீரைத் துடைத்த பிறகே பிடிக்கத் தொடங்கும் என்பதால், நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகத் தொட்டுக்கொள்ள வேண்டும். வறண்ட நாட்களுக்குப் பின் வரும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து மேற்பரப்பு வழுக்கும். வண்ணக் கோடுகளும் இரும்பு மூடிகளும் எந்த மழையிலும் வழுக்கும்.

தண்டவாளத்தை நான் கற்றுக்கொண்டது விழுந்துதான். மழை ஓய்ந்த ஒரு மாலையில், சாலையைச் சாய்வாகக் குறுக்கிட்ட தண்டவாளத்தின் மேல் வளைக்காமல் அப்படியே ஏறினேன். முன்சக்கரம் ஈர இரும்பைத் தொட்ட கணத்தில் ஹேண்டில்பார் கையில் எடையற்றுப் போனதுபோல் இருந்தது. சக்கரம் தண்டவாளத்தோடு வழுக்கிக்கொண்டு போய் அதன் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கியது. பிரேக்கைத் தொடுவதற்குள் தோள் தரையில் இருந்தது. தண்டவாளத்தைக் கூடியவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். அதற்குச் சற்று முன்பே பின்னால் பார்த்து, கை காட்டி, தடத்தை அகலமாக வளைத்துக்கொண்டு, கடக்கும் கணத்தில் மிதிக்காமலும் பிரேக் பிடிக்காமலும் வண்டியை உருளவிடுங்கள். முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளிச் செல்லுங்கள்.

விளக்கு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு என்பது 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலேயே சைக்கிளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது; பிரேக், மணி, பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பான் ஆகியவையும் அதில் உண்டு. முன்விளக்கை எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காதபடி சற்றுக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். பெடலில் உள்ள பிரதிபலிப்பான்கள் மேலும் கீழுமாக அசைவதால், போவது சைக்கிள் என்பதைப் பின்னால் வருபவருக்குத் தொலைவிலேயே உணர்த்திவிடும். தலைக்கவசம் நெற்றியை மூடி, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே அமர வேண்டும். பலமாக ஒருமுறை அடிபட்ட கவசத்தை, வெளியில் கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். காதில் பாட்டு வேண்டாம்.

பஞ்சரும் பூட்டும்

ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் நெம்புகோல்கள், உங்கள் வால்வுக்குப் பொருந்துகிற சிறிய பம்ப் ஆகிய மூன்றும் பையிலேயே இருக்கட்டும். வழியில் ஒட்டிக்கொண்டிருக்காமல் டியூபை மாற்றிவிட்டுப் போய், ஓட்டையை வீட்டில் ஆற அமர ஒட்டலாம். ஒட்டும்போது அந்த இடத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, அதன் பளபளப்பு மங்கி உலரும்வரை காத்திருந்து பிறகே ஒட்டை அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதால்தான் பல ஒட்டுகள் இரண்டாம் நாளே பிரிந்துவிடுகின்றன.

டியூபை மாற்றுவதைவிட முக்கியமானது, ஓட்டை போட்ட பொருளை டயரிலிருந்து எடுப்பது. ஒரு சமயம் ஒரே வாரத்தில் பின்சக்கரம் மூன்று முறை காற்றிறங்கியது. ஒவ்வொரு முறையும் டயரின் உள்ளே விரலால் தடவிப் பார்த்தும் எதுவும் தட்டுப்படவில்லை. மூன்றாம் முறை பழைய பருத்தித் துணியொன்றை உள்ளே வைத்துச் சுற்றித் துடைத்தபோது ஓரிடத்தில் அதன் நூல் இழுபட்டு நின்றது. முடியைவிடச் சற்றே தடித்த எஃகு இழை ஒன்று, தேய்ந்த லாரி டயரிலிருந்து உதிரும் வகையைச் சேர்ந்தது, உட்புறத்தில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே கருப்பு ரப்பரில் அடையாளமே இல்லை. அன்று முதல் விரலுக்குப் பதிலாகத் துணியைத்தான் பயன்படுத்துகிறேன், விரலும் கிழிபடாது. டயரை மாட்டும்போது அதன் பெயர் எழுதப்பட்ட இடம் வால்வுக்கு நேராக வரும்படி எப்போதும் மாட்டிவைத்தால், டியூபில் ஓட்டை இருக்கும் இடத்தைக் கொண்டு டயரில் எங்கே தேட வேண்டும் என்பதை எளிதில் அறியலாம்.

செயின் கழன்றுவிட்டால் பதற வேண்டியதில்லை. பின் பற்சக்கரத்தில் செயின் அமர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன் பற்சக்கரத்தின் அடிப்பற்களில் அதைக் கொக்கியாக மாட்டி, பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினால் தானாக ஏறிக்கொள்ளும். செயினுக்கும் பல்லுக்கும் இடையே விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணியிடத்தில் சைக்கிளைப் பூட்டும்போது, பூட்டு பின்சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்து, அசையாத கம்பியொன்றோடு பிணைக்க வேண்டும். கழற்றி எடுக்கக்கூடிய விளக்கையும் பம்பையும் கையோடு கொண்டுபோங்கள்.

மாலையில் வீடு திரும்பியதும் செய்ய வேண்டிய சில வேலைகள் மீதமிருக்கும். மழையில் நனைந்திருந்தால் செயினை உலர்ந்த துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள், மழைக்கோட்டை மடித்துப் பையில் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். விளக்குகளை மின்னேற்றத்தில் போட்டுவிட்டு, நாளைய சட்டையைச் சுருட்டிப் பையில் வையுங்கள். டயர் இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்; தளர்ந்திருந்தால் காலைவரை தள்ளிப்போடாமல் இரவிலேயே காற்றடித்துவிடுங்கள். இரவில் அடித்த காற்று காலையில் இறங்கியிருந்தால் அது மெல்லிய பஞ்சர் என்பதும் தெரிந்துவிடும், அதைச் சரிசெய்து புறப்பட நேரமும் இருக்கும்.